மூத்தவர்களை நாற்காலியிலிருந்து எழுப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோயில் மண்டபங்களிலும் பொது மண்டபங்களிலும் மூத்தவர்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். ஒரு மணி நேரமும் நாற்காலியில் உட்கார வைத்துக் கையை மட்டும் ஆட்டச் சொல்லாதீர்கள். தோளுக்கு அது நல்லதுதான். ஆனால் மனிதர் விழுவது நிற்கும்போதும் திரும்பும்போதும் எட்டு வைக்கும்போதும்தான். நின்று பழகினால்தான் அந்த நேரத்தில் கால் கை கொடுக்கும்.

பினாங்கின் தண்ணீர்மலைப் பக்கம் தினமும் காலையில் நடக்கிறோமே, போதாதா என்று பலர் கேட்கிறார்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019-இல் வெளியிட்ட தொகுப்பு 108 ஆய்வுகளை அலசியது. உடற்பயிற்சி செய்த மூத்தவர்கள் விழுந்த தடவைகள் சுமார் 23 விழுக்காடு குறைந்திருந்தன. சமநிலைப் பயிற்சிக்குத்தான் உறுதியான சான்று இருந்தது. வெறும் நடைக்கு அப்படிக் கிடைக்கவில்லை. நடையை விட வேண்டாம், அதோடு இதையும் சேர்க்க வேண்டும்.

முதலில் நாற்காலி. மண்டபத்து வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் வழுக்கும், கால்களும் விரியும். கனமான நாற்காலியாக எடுத்து, முதுகுப்புறம் சுவரில் படும்படி போடுங்கள். விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்து, பாதங்களை முட்டிக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, நெஞ்சை முன்னால் சாய்த்து எழ வேண்டும். சாயாமல் நேராக எழ முயல்வதால்தான் பலர் பின்னால் ‘தொப்’பென்று விழுகிறார்கள். உட்காரும்போது மூன்று எண்ணி மெதுவாக இறங்க வேண்டும். தொடைக்கு அதிலும் நல்ல வேலை உண்டு. பத்துத் தடவை, ஓய்வு, மறுபடி பத்து. மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும். வாய்விட்டு எண்ணச் சொன்னால் அடக்க முடியாது.

அடுத்து சமநிலை. சமையல் மேடை ஓரம் நின்று, ஒரு பாதத்தின் குதிகால் மறு பாதத்தின் விரல் நுனியைத் தொடும்படி நேர்கோட்டில் வையுங்கள். கணுக்கால் இரு பக்கமும் லேசாக ஆடும். பயப்பட வேண்டாம், பயிற்சியே அந்த ஆட்டம்தான். பத்து விநாடி நிற்க முடியாதவருக்கு விழும் அபாயம் கூடுதல் என்று கொள்ளலாம். முதலில் இரண்டு கையாலும் பிடித்து, பிறகு ஒரு கை, பிறகு ஒரு விரல், கடைசியில் கையை எடுத்துவிட வேண்டும். மாதக்கணக்கில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே செய்தால் பலன் இல்லை. குதிகால் தூக்குவதும் பக்கவாட்டில் எட்டு வைப்பதும் இதே முறைதான். சுருட்டிய துண்டைத் தாண்டிப் பழகினால் குளியலறை வாசற்படி தடுக்காது.

மாதம் ஒரு வகுப்பு வைத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்வதில் பயனில்லை. உலகச் சுகாதார நிறுவனம் வாரம் மூன்று நாளாவது இத்தகைய பயிற்சி வேண்டும் என்கிறது. வகுப்பு இரண்டு நாள், வீட்டில் ஒரு நாள் என்று வைக்கலாம். நிறுத்தினால் பலனும் போய்விடும். பத்துப் பேருக்கு ஒரு பயிற்றுநர், கூடவே தள்ளாடுபவர் அருகில் நிற்க ஓர் உதவியாளர் இருக்கட்டும். அபிஷேகத் தண்ணீர் காயாத தரையிலும் காலுறையோடும் தொடங்கவே கூடாது.

அண்மையில் விழுந்தவர்கள், எழுந்தால் தலை சுற்றுபவர்கள், நெஞ்சுவலி உள்ளவர்கள் முதலில் கிளினிக்கில் காட்டட்டும். ரத்த அழுத்த மாத்திரையாலும் தலை சுற்றலாம். தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மறுநாள் தொடை லேசாக வலித்தால் பரவாயில்லை. முட்டி வீங்கினால் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

கோயில் நிர்வாகங்கள் பூசை இல்லாத நேரத்தில் வாரம் இரண்டு காலை மண்டபத்தைத் திறந்துவிட்டாலே போதும். சுவரும் கனமான நாற்காலிகளும் அங்கேயே இருக்கின்றன.

இப்படிக்கு,
மூத்தோர் உடற்பயிற்சிப் பயிற்றுநர்கள்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு