முப்பது பேருக்கு ஒரு வாஷிங் மெஷின்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேளச்சேரி, துரைப்பாக்கம், நாவலூர் பக்கத்துப் பெண்கள் விடுதிகளில் ஞாயிற்றுக்கிழமை சண்டை என்றால் அது பெரும்பாலும் வாஷிங் மெஷின் சண்டைதான். காப்பாளர் இரு தரப்பையும் சமாதானம் செய்து அனுப்புவார்; அடுத்த வாரம் அதே பஞ்சாயத்து. கணக்குப் போட்டுப் பார்த்தால், சண்டை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

30 பேர் தங்கும் விடுதியில் வீட்டு உபயோகத்துக்கான ஆறரை கிலோ டாப் லோடு மெஷின் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பேனலில் 55 நிமிடம் என்று காட்டினாலும், தண்ணீர் மெதுவாக நிரம்பி, ஓடி முடித்து, ஒருவர் எடுத்து இன்னொருவர் போடுவதற்குள் 75 நிமிடம் ஆகிவிடும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலை 6 முதல் இரவு 10 வரை மூச்சுவிடாமல் ஓடினாலும் நாளுக்கு 12 பேர், மொத்தம் 24 பேர்தான் துவைக்க முடியும். மீதி ஆறு பேர் யாரிடம் கோபப்படுவார்கள்?

‘9 நிமிடம் காட்டிய மெஷின் அரை மணியாகியும் நிற்கவில்லை, அவள் மறுபடி போட்டுவிட்டாள்’ என்பது அடிக்கடி வரும் புகார். அநேகமாக யாரும் தொட்டிருக்கவே மாட்டார்கள். பிழியும்போது துணி ஒரு பக்கமாக ஒதுங்கினால் மெஷின் தானாகவே நின்று, மறுபடி தண்ணீர் எடுத்து, துணியைக் கலைத்துவிட்டுப் பிழியப் பார்க்கும். திரும்பத் திரும்ப முயன்றும் முடியாவிட்டால் பீப் அடித்து நின்றுவிடும், எல்.ஜி. மெஷினாக இருந்தால் ‘யு.இ.’ என்று காட்டும். ஒற்றை ஜீன்ஸை அல்லது ஒரு கனத்த போர்வையை மட்டும் போடுகிறவர்களால் வரும் வினை இது. மூடியைத் திறந்து, துணியை உதறிச் சுற்றிலும் பரப்பி மூடினால் சரியாகிவிடும். இதை அடுத்துக் காத்திருப்பவரே செய்யலாம், யாரையும் கேட்க வேண்டாம் என்று விடுதியில் சொல்லிவைக்க வேண்டும்.

பவுடர் விஷயம் தனி. ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் போர் தண்ணீர் உப்பு. நுரை வரவில்லையே என்று இன்னொரு கை அள்ளிப் போடுவார்கள். கரையாத பவுடர் டப்பின் அடியில் தங்கி, அடுத்தவருடைய கறுப்பு துப்பட்டாவில் வெள்ளைத் திட்டாக ஒட்டும். ஒரு மக் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் இப்படித் தங்காது. டிரம்மின் உள்சுவரில் இருக்கும் வலைப்பை, பெண்கள் விடுதியில் பஞ்சைவிட முடியால்தான் நிறையும். துவைத்தவரே அதைக் கழற்றி, உள்புறத்தை வெளியே திருப்பி, குழாயில் அலசி மாட்டிவிட்டுப் போக வேண்டும். புதுச் சுங்குடி, சாயம் போகும் காட்டன் சுடிதார் எல்லாம் முதல் சில தடவை கையால்தான் துவைக்க வேண்டும்.

ஓடி முடிந்த துணியை அடுத்தவர் எடுக்கலாமா? பத்து நிமிடம் பொறுத்து, ஒரு போன் அடித்துவிட்டு எடுக்கலாம். ஆனால் துணிக்காரருடைய பக்கெட்டில்தான் போட வேண்டும். தரையிலோ மெஷின் மூடி மேலோ அல்ல. அதற்காகவே அறை எண்ணும் போன் எண்ணும் எழுதிய பக்கெட்டைப் பக்கத்தில் வைத்திருப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். உள்ளாடைகளை ஜிப் வைத்த வலைப்பையில் போட்டால் எடுப்பவருக்கும் சங்கடமில்லை. பிரா கம்பி டிரம் ஓட்டை வழியாக இறங்கி வடிகாலை அடைப்பதும் இருக்காது. அடைத்தால், மெக்கானிக் வரும்வரை மொத்த விடுதிக்கும் கைத்துவையல்தான். தெருக்குழாயில் குடம் வைத்து இடம் பிடிப்பதுபோல் பக்கெட்டை வைத்துவிட்டு பெசன்ட் நகர் கிளம்பிவிடுகிறவர்களும் உண்டு. ஆள் கட்டடத்தில் இல்லையென்றால் வரிசையில் பக்கெட்டுக்கு இடமில்லை என்று எழுதியே ஒட்டிவிடலாம்.

விதிகளைத் தங்கியிருப்பவர்கள் தலையில் மட்டும் கட்டினால் போதாது. பெண்கள், குழந்தைகள் விடுதிகளை முறைப்படுத்தும் 2014-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி ஆட்சியரிடம் உரிமம் வாங்கி நடத்தும் விடுதிகளாவது 15 பேருக்கு ஒரு மெஷின் என்று வைக்கட்டும். இல்லையேல் அறைவாரியாக வார நாள்களை ஒதுக்கட்டும். தண்ணீர்க் குழாய் மெஷினோடு சேரும் இடத்தில் ஒரு சின்ன வலை இருக்கிறது. அதில் மணல் அடைத்தால் டப் நிரம்ப வெகுநேரம் பிடிக்கும். மாதம் ஒருமுறை குழாயை மூடி, கழற்றி, பழைய பிரஷால் தேய்த்து மாட்டுவது விடுதியின் வேலை. ஐப்பசி, கார்த்திகையில் மொட்டை மாடிக் கொடி பயன்படாது. துணி அறைக்குள் காய வேண்டும் என்பதால் ஸ்பின் மட்டும் இன்னொரு முறை போடுவார்கள். மழை மாதங்களில் அதற்கு ஆகும் பத்து நிமிடத்தையும் ஒவ்வொருவருடைய நேரத்தோடு சேர்த்தே அட்டவணை போட வேண்டும்.

இப்படிக்கு,
விடுதிக் காப்பாளர் ஒருவர்,
துரைப்பாக்கம், சென்னை.