விளக்கை அணைத்தால் வெளிச்சம்

அன்புள்ள மணி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. வேலை இருந்தது என்றால் நீ நம்ப மாட்டாய். ஆனால் இந்த முறை நிஜமாகவே வேலைதான். ஒரு திருட்டைத் துப்பறிந்துகொண்டிருந்தோம். கதையைச் சொல்கிறேன், அதற்கு முன் நீ கேட்டதற்குப் பதில்.

"சிலிக்கானில் என்ன குறை கண்டாய், பிளாஸ்டிக்கில் கண் செய்யக் கிளம்பிவிட்டாய்?" என்று எழுதியிருந்தாய். இத்தனை வருஷம் சிலிக்கானோடு குடித்தனம் நடத்துகிறவன் வேறு எப்படிக் கேட்பாய்! குறை ஒன்றும் இல்லையடா. நீ கண் என்பது ஒளி உணரி, ஒளி பட்டால் மின்னோட்டம் தருவது. சிலிக்கான் உணரி 1100 நானோமீட்டர் அலைநீளம் வரை பார்க்கும். ஆனால் அகச்சிவப்பை, அதாவது சிவப்புக்கு அப்பால் உள்ள ஒளியை, விழுங்குவதில் சோம்பேறி. 850 நானோமீட்டர் ஒளியில் மூன்றில் இரண்டு பங்கை உள்வாங்கவே அதற்குச் சுமார் 20 மைக்ரோமீட்டர் தடிமன் வேண்டும். எங்கள் கரிமக் குறைக்கடத்தி, அதாவது கார்பன் மூலக்கூறுகளால் ஆனது, 0.2 மைக்ரோமீட்டரிலேயே அந்த வேலையை முடித்துவிடும். மை மாதிரிக் கரைத்து, சுழலும் தகட்டில் ஒரு சொட்டு விட்டால் படலம் தயார். பெரிய சூடு தேவையில்லை என்பதால் வளைகிற பிளாஸ்டிக் தாளிலும் பூசலாம். உன் சிலிக்கானை விரலைச் சுற்றிக் கட்டு பார்க்கலாம்.

ஆனால் இந்தப் பொருள்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சிலிக்கானில் ஒளி விழுந்ததும் எலக்ட்ரானும், அது விட்டுப்போன காலி இடமான துளையும் தனித்தனியே ஓடிவிடும். இங்கே இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு எக்ஸைட்டான் என்ற ஜோடியாக அலையும், பத்து நானோமீட்டர் தூரம் போவதற்குள் பெரும்பாலும் அணைந்தும்விடும். அதற்குள் பிரித்தாக வேண்டும். அதற்குத்தான் எலக்ட்ரானைக் கொடுக்கும் கொடையாளி, அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பி என்று இரண்டு பொருள். 1986-இல் டாங் என்பவர் இரண்டையும் இரண்டு அடுக்காக வைத்துச் சூரிய மின்கலம் செய்து காட்டினார். 90-களின் நடுவில் இரண்டையும் ஒன்றாகக் கலந்தே பூச ஆரம்பித்தார்கள். எந்த இடத்தில் எக்ஸைட்டான் பிறந்தாலும் பக்கத்திலேயே ஓர் எல்லை இருக்கும்.

நம் காலத்தில் எல்லாரும் கட்டி அழுத பி3எச்டி என்ற கொடையாளி 650 நானோமீட்டரோடு நின்றுவிடும், அதாவது சிவப்பு வரைக்கும்தான். அப்புறம் 2015-இல் ஐடிஐசி, 2019-இல் ஒய்6 என்று புது ஏற்பிகள் வந்தன. ஒய்6 கலந்த படலம் 900 நானோமீட்டரைத் தாண்டியும் பார்க்கிறது. எல்லாம் சூரிய மின்கலத்துக்காகப் பிறந்தவை. நாங்கள் தத்தெடுத்துக்கொண்டோம்.

தத்துப் பிள்ளையிடம்தான் தலைவலியும் ஆரம்பித்தது. சூரிய மின்கலம் வெயிலில் நன்றாக இருந்தால் போதும், இருட்டில் கொஞ்சம் கசிந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. உணரிக்கு அப்படியில்லை. ஒளியே இல்லாதபோது எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பதுதான் அதன் யோக்கியதை. இருட்டில் கசியும் அந்த இருள் மின்னோட்டம் குறைந்தால்தான் மங்கிய ஒளி அதற்குத் தெரியும். அகச்சிவப்பைப் பார்க்க ஆற்றல் இடைவெளியை, அதாவது எலக்ட்ரான் தாண்ட வேண்டிய உயரத்தை, குறுக்குகிறோம். குறுக்கக் குறுக்க, அறைச் சூடே எலக்ட்ரான்களைத் தூக்கிவிடப் போதுமானதாகிறது. படலத்தில் மூலக்கூறுகள் சீராக அடுக்கி நிற்பதும் இல்லை. அந்தக் குளறுபடியில் இடைவெளியின் நடுவே எலக்ட்ரான்கள் சிக்கும் பொறிகள் உண்டாகி, கணக்குப் போட்டதைவிடப் பல மடங்கு கசிவைக் கொண்டுவருகின்றன.

இப்போது திருட்டுக் கதை. உணரியை ஒரு பெட்டியில் வைத்து, வயர் நுழையும் ஓட்டையைக் கறுப்புத் துணியால் அடைத்து, 2 வோல்ட் ரிவர்ஸ் பயாஸில், அதாவது மின்னழுத்தத்தைத் தலைகீழாகக் கொடுத்து, கசிவை அளப்போம். பகலில் அளவு ஒழுங்காக வந்தது. ஒரு நாள் எல்லாரும் போன பிறகு, இன்னும் சுத்தமான இருட்டு கிடைக்கட்டும் என்று அறை விளக்கையும் அணைத்தேன். மின்னோட்டம் குறையவில்லை, பத்து மடங்கு கூடியது! விளக்கைப் போட்டேன், இறங்கியது. அணைத்தேன், ஏறியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். அதே கதைதான்.

பத்து நாள். கேபிளை மாற்றினோம். எர்த்தைச் சந்தேகப்பட்டோம். படலம் பூசிய பையனைச் சந்தேகப்பட்டோம், பாவம். பழைய பி3எச்டி உணரியை அதே இடத்தில் வைத்தால் ஒன்றும் இல்லை, புதியதை வைத்தால் மட்டும் ஏறுகிறது. அந்த ஒரு தகவலே எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நான், பொருள்தான் கெட்டுவிட்டது என்று மூன்று புது உணரி செய்தேன்.

கடைசியில் அதே பையன்தான் கண்டுபிடித்தான். இருட்டில் வயர் இணைப்பைப் படம் எடுக்கப் போனை உயர்த்தியவன், "சார், மேலே பாருங்க" என்றான். போன் திரையில் கூரையோரம் வட்டமாக ஊதாப் புள்ளிகள். பாதுகாப்புக்கு மாட்டிய சிசிடிவி கேமரா! விளக்கை அணைத்ததும் அது இரவுப் பார்வைக்கு மாறி, 850 நானோமீட்டர் எல்.இ.டி.க்களால் அறை முழுக்க அகச்சிவப்பை இறைத்திருக்கிறது. அந்த வகை எல்.இ.டி. நேராகப் பார்த்தால் மங்கிய சிவப்பாகத் தெரியும்தான். யார் நிமிர்ந்து பார்த்தது?

துணி என்ன செய்தது என்கிறாயா? கறுப்பு நம் கண்ணுக்குத்தான். பல சாயங்கள் அகச்சிவப்பை அப்படியே விட்டுவிடும். பகலில் எரியும் எல்.இ.டி. விளக்கிலோ அகச்சிவப்பு கிட்டத்தட்ட இல்லை, அதைத் துணி நன்றாகவே தடுத்தது. துணியை எடுத்துவிட்டு அலுமினியத் தாளைச் சுற்றினோம். இரவு அளவு பகல் அளவோடு போய் ஒட்டிக்கொண்டது. பையனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

சரி, இதெல்லாம் எதற்கு? கேமராவில் சிலிக்கானைத் துரத்தப் போவதாக எனக்கு எண்ணமில்லை. அது நடக்கும் என்கிறவர்கள் கொஞ்சம் அவசரப்படுகிறார்கள் என்றே நினைக்கிறேன். காற்றும் ஈரமும் பட்டால் எங்கள் படலம் நலிந்துவிடும், வேகமும் குறைவு. உடம்பில் ஒட்டுகிற உணரிதான் இதற்கு ஏற்ற இடம். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 660, 940 நானோமீட்டர் என்று இரண்டு ஒளியை அனுப்பும். ஆக்ஸிஜன் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் அவற்றை வேறு வேறு அளவில் விழுங்குவதை வைத்துக் கணக்குப் போடும். 2014-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உணரியையும் விளக்கையும் கரிமப் பொருளிலேயே செய்து காட்டினார்கள். அகச்சிவப்புக்குப் பதில் பச்சையும் சிவப்பும் வைத்தார்கள். பச்சை தோலுக்குள் ஆழம் போகாது. எங்களுக்கு 940 வேண்டும், ஒய்6 அந்த விளிம்பில் தடுமாறுகிறது. இன்னும் குறுகிய இடைவெளி உள்ள ஏற்பி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மறுபடி இருள் மின்னோட்டம் ஏறும். தெரிந்தேதான் போகிறோம்.

இனி உன் வேலை. உணரியின் பரப்பு 1 சதுர சென்டிமீட்டர், படலம் 200 நானோமீட்டர். கணக்குப் போட்டால் மின்தேக்கம், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் அளவு, 15 நானோஃபாரட் பக்கம் வருகிறது. நீ முகம் சுளிப்பது இங்கேயே தெரிகிறது. இதைச் சிக்னலைப் பெருக்கும் ஆப்-ஆம்ப்பின் வாயில் மாட்டினால் இரைச்சல் கொட்டுகிறது, ஃபீட்பேக் ரெசிஸ்டரை ஏற்றினால் ஆடத் தொடங்குகிறது. நாடித் துடிப்புக்குச் சில நூறு ஹெர்ட்ஸ் கிடைத்தால் எனக்குப் போதும். எந்த ஆம்ப்ளிஃபையர், எவ்வளவு ரெசிஸ்டர், பக்கத்தில் எவ்வளவு கெப்பாசிட்டர்? சர்க்யூட் வரைந்து அனுப்பு. திட்டுவதாக இருந்தால் அதை அடுத்த பக்கத்தில் எழுது.

உன்,
ரவி