மூன்றாம் அத்தியாயம் பற்றி அப்பா எழுதுவது

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புள்ள செல்விக்கு,

லோத்தோங் என்ற இலை தின்னும் குரங்கின் தீனி பற்றிய உன் ஆய்வேட்டில் மூன்றாம் அத்தியாயத்தை இரண்டு தடவை படித்துவிட்டேன். எழுத்து நன்றாக வந்திருக்கிறது, அப்பாவுக்குப் பெருமைதான். ஆனால் அட்டவணையில் எல்லா மந்திகளையும் ஒரே வரிசையில் போட்டிருக்கிறாயே அம்மா. சினையானது, பால் கொடுப்பது, இரண்டும் இல்லாதது என்று பிரித்துப் போடு. சினைக்காலத்தைவிடப் பால் கொடுக்கும் காலத்தில்தான் உடம்பு அதிகம் கேட்கும். சராசரி எடுத்தால் அந்தத் தேவை கண்ணுக்கே தெரியாது.

தின்ற நேரத்தை வைத்து அளவு சொன்னதும் சரியில்லை. பத்து நிமிடம் அத்திப்பழமும் பத்து நிமிடம் முற்றிய இலையும் ஒன்றா? நிமிடத்துக்கு எத்தனை வாய் என்று எண்ணு. அதே மரத்தில் பறித்து, ஒரு வாய் எத்தனை கிராம் என்று நிறுத்துப் பார். இலையை 60 டிகிரிக்கு மேல் காய வைக்காதே. சூடு கூடினால் புரதம் நாரோடு ஒட்டிக்கொண்டு, நார் அதிகம் என்று பொய்க் கணக்குக் காட்டும். புரதம் எவ்வளவு என்று கணக்கிட நைட்ரஜனை 6.25ஆல் பெருக்கியிருக்கிறாய். காட்டு இலைக்கு அது கூடுதல், 4.3 பக்கம் வைத்துக்கொள். இல்லாவிட்டால் துளிர் இல்லாத மாதத்திலும் மந்திக்குப் புரதம் போதும் என்று வரும். போதாது.

லோத்தோங் வயிறு நுரைத்துப் புளிக்கும் வயிறு. பழுத்த இனிப்புப் பழம் நிறையப் போனால் அமிலம் ஏறிவிடும், அதனால்தான் காயும் விதையும் தேடுகிறது. இதை எழுதியிருக்கிறாய், சந்தோஷம். அத்தியில் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்பதையும் சேர். பால் கொடுப்பதற்கு அது முக்கியம்.

போர்னியோவின் குனுங் பாலுங் காட்டில் உராங் ஊத்தான் பற்றி நடந்த ஆய்வை ஒரே வரியில் தாண்டிப் போனது எனக்கு வருத்தம். காடு முழுக்கப் பழம் கொட்டிய சமயத்தில் பெண் உராங் ஊத்தான் நாளுக்கு 7,400 கலோரி அளவுக்குத் தின்றது. பழம் இல்லாதபோது மரப்பட்டையும் இலையும் தின்று 1,800க்கு இறங்கிவிட்டது. ஆணுக்கு அப்போதும் 3,800 கிடைத்தது. பெண்ணின் சிறுநீரில் கீட்டோன் வந்தது. உடம்பு தன் கொழுப்பையே எரிக்கிறது என்று அர்த்தம், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பால் கொடுப்பதைத் தனி வரிசையில் போடு. மனுஷிக்கே நாளுக்கு 500 கலோரி கூடுதலாக வேண்டும்.

வாட்ஸாப்பில் குழந்தை படம் வருகிறது, உன் படம் வருவதில்லை. போன் பண்ணினால் "ம்" என்கிறாய். தைப்பூசத்தன்று பெரியத்தை சொன்னதை மனசில் வைத்துக்கொள்ளாதே. நீ தட்டில் கணக்குப் பார்த்துச் சாப்பிடுகிறாய் என்று மாப்பிள்ளை என்னிடம் எதுவும் சொல்லவில்லை, அவரைக் கேட்காதே.

நீ பிறந்த வருஷம் தெலுக் பாஹாங் காட்டில் எந்த மந்தி எந்த மரத்தில் என்ன தின்றது என்று என் நோட்டில் இருக்கிறது. ஆரஞ்சு நிறக் குட்டியை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, மறு கையால் கொப்பை வளைத்து, நுனித் துளிரை மட்டும் கிள்ளித் தின்றதுகூட இருக்கிறது. உன் அம்மா அந்த நாட்களில் என்ன சாப்பிட்டாள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதே இல்லை. இரண்டு மாதத்தில் பால் வற்றியபோது அவள் உடம்புவாகு அப்படி என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் பேசாமல் இருந்தேன். என்ன காரணம் என்று சொல்லத் தெரிந்தவன் அந்த வீட்டில் நான் ஒருவன்தான்.

இன்னொன்றும் விட்டுவிட்டாய். லோத்தோங் கூட்டத்தில் மற்ற மந்திகள் குட்டியை வாங்கி வைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் தாய் இரண்டு கையாலும் நிம்மதியாகத் தின்னும். எவ்வளவு நேரம் என்று உன் குறிப்பில் கட்டாயம் இருக்கும், எடுத்துப் பார்.

அம்மா வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறாள். பூண்டும் முருங்கைக்கீரையும் கொண்டு வருவாள். வேண்டாம் என்று போன் பண்ணாதே, டிக்கெட் எடுத்தாயிற்று. பிள்ளையை அவள் தூக்கிக்கொள்ளட்டும், நீ உட்கார்ந்து சாப்பிடு. அத்தியாயம் ஒரு மாதம் தள்ளிப்போனால் போகட்டும்.

அப்பா