ஒட்டும் முகம்: பெரியப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

போன முறை வீட்டுக்கு வந்தபோது கேட்டீர்கள்: "நான்கு வருஷமாகப் பசைதான் காய்ச்சுகிறாயா? ஒரு டப்பா பெவிக்கால் வாங்கித் தரட்டுமா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று சொல்ல வராத பதில் இது. நான் தேடுவது முழங்கால் குருத்தெலும்பை ஒட்டும் பசை.

முழங்காலில் எலும்பு நுனிகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன்தான். இரத்தக் குழாய் இல்லை, நரம்பு இல்லை. எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். மேலே மூட்டுநீர், அதில் லூப்ரிசின் என்றொரு புரதம், வழவழப்புக்காகவே இருப்பது. ஈர மரத்தில் பசை பிடிக்காது என்பீர்களே, இது எண்ணெய் தடவிய ஈர மரம். நடக்கும்போது உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு பாரம் வேறு அதன்மேல் இறங்கும். கிளாம்ப் போட்டு இரவு முழுக்க விட்டுவைக்கவும் வழியில்லை.

1743-இல் வில்லியம் ஹண்டர் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், குருத்தெலும்பு அழிந்தால் மீளாது என்பதை பழைய கிரேக்க மருத்துவர் ஹிப்பாக்ரடீஸ் காலம் முதல் எல்லோரும் ஒப்புக்கொண்டிருப்பதாக எழுதினார். எனக்குப் பிடித்தது அதே கட்டுரையின் இன்னொரு வரி: துணியிலிருந்து வெல்வெட்டின் பட்டிழைகள் எழுவதுபோல் எலும்பிலிருந்து குருத்தெலும்பின் நார்கள் எழுகின்றன என்கிறார். பலகையைத் தொடும் முன் நீங்கள் இழை ஓட்டம் பார்ப்பது நினைவுக்கு வந்தது.

1992-இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட்டில் லாஸ்லோ ஹங்கோடி என்ற அறுவை மருத்துவர் நோயாளிகளிடம் செய்யத் தொடங்கியது அப்படியே உங்கள் தச்சு வேலைதான். உளுத்த இடத்தைக் குடைந்தெடுத்து, அதே மூட்டில் பாரம் குறைவாக விழும் ஓரத்திலிருந்து எலும்போடு சேர்த்து வெட்டிய சிறு உருளைகளை அந்தக் குழிகளில் இறுக்கமாக இறக்கினார். அடியில் எலும்பும் எலும்பும் கூடிவிடுகின்றன. மேலே குருத்தெலும்பும் குருத்தெலும்பும் சந்திக்கும் வட்டக் கோடு மட்டும் பெரும்பாலும் கோடாகவே நின்றுவிடுகிறது. என் நான்கு வருஷமும் அந்தக் கோட்டில்தான் போயிற்று.

ஃபைப்ரின் பசை உண்டு; இரத்தம் உறையும் அதே முறையில் இறுகுவது. உடம்புக்கு ஒத்துக்கொள்ளும், ஆனால் பிடி போதாது, சீக்கிரம் கரைந்தும்விடும். உடனே ஒட்டும் சயனோஅக்ரிலேட் வகை இரும்பாகப் பிடிக்கும், பக்கத்துச் செல்களைக் கொன்றுவிடும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெனிபர் எலிசெஃப் குழு 2007-இல் வெளியிட்டது வேறு யோசனை. குருத்தெலும்பிலேயே இருக்கும் காண்ட்ராய்டின் சல்பேட் என்ற பொருளை எடுத்து அதற்கு இரண்டு கைகள் வைத்தார்கள். ஒன்று திசுவின் புரதத்தைப் பற்றும், மற்றது குழியை நிரப்ப மேலே ஊற்றும் ஜெல்லைப் பற்றும். 2013-இல் நோயாளிகளிடம் செய்த சோதனையின் முடிவு வந்தது: பசையும் ஜெல்லும் வைத்தவர்கள் 15 பேர், வைக்காதவர்கள் 3 பேர். அழகான வேலை. ஆனால் 15 பேரை வைத்து ஊருக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. மேலும் அது திசுவோடு ஜெல்லை ஒட்டும் பசை. எனக்கு வேண்டியது திசுவோடு திசு.

பழுது பசையில் மட்டும் இல்லை என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. இறைச்சிக் கடையிலிருந்து வரும் கன்றின் முழங்காலில் வட்டத் துண்டு வெட்டி, அதன் நடுவைக் குடைந்து, பசை தடவித் திரும்பப் பொருத்தி, சில வாரம் வளர்ப்பு நீரில் வைத்துவிட்டு, நடுத்துண்டை ஒரு கம்பியால் தள்ளி எவ்வளவு விசைக்கு விடுகிறது என்று அளப்போம். போன மழைக்காலத்தில் ஒரு தொகுதி முழுக்கத் தொட்டதும் கழன்று விழுந்தது. பசையைத் திட்டிக்கொண்டே மூன்று வாரம் போயிற்று. கடைசியில் வெட்டுமுகத்தைச் சாயம் போட்டுப் பார்த்தால் ஓரம் நெடுகச் செத்த செல்கள். துண்டு வெட்டும் வட்ட வாய்க் கருவியான வெட்டுக் குழாய் மழுங்கியிருந்தது. குருத்தெலும்பில் செல்களே சொற்பம். இருப்பவையும் கொல்லாஜன் என்ற நார்ப் புரதத்தின் நெருக்கமான வலைக்குள் அடைபட்டவை. ஓரத்தில் இருப்பது செத்தால் உள்ளே இருப்பது எழுந்து வந்து இரண்டு பக்கத்தையும் பின்னாது.

கொல்லாஜன் என்றதும் சொல்ல வேண்டும்: நீங்கள் அந்தக் காலத்தில் காய்ச்சிய வஜ்ரப் பசையும் மாட்டுத் தோல், எலும்பின் கொல்லாஜன்தான். பரம்பரைத் தொழிலை நான் விட்டுவிட்டதாக அத்தை இனிமேல் சொல்ல வேண்டாம்.

பொங்கலுக்கு வருகிறேன். அந்த வெட்டுக் குழாயையும் எடுத்து வருகிறேன். உள்விட்டம் 4 மில்லிமீட்டர். தட்டை உளியைச் சாணைக்கல்லில் தீட்டுவதைப் பார்த்திருக்கிறேன். வட்ட வாயை எப்படித் தீட்டுவது?

அன்புடன்,
உங்கள் மகள்