அப்பாவை ஷிப்டில் சேர்த்துக்கொண்டவருக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

அப்பா வீட்டில் இருக்கிறார். பக்கத்து அறையில் அவர் குறட்டை விடும் சத்தம் கேட்கிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இதை எழுதுகிறேன். நினைவு தடுமாறும் அப்பா செவ்வாய்க்கிழமை வீட்டை விட்டுப் போய்க் காணாமல் போனது உங்களுக்கெல்லாம் தெரியும். நீங்கள்தான் படத்தைப் பகிர்ந்தீர்கள், காரை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகத் தேடினீர்கள். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பு இல்லை. நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

பலருக்குச் சொல்ல வேண்டும். ஆனால் முதலில் ஒருவரைப் பற்றி எழுதாவிட்டால் என் மனம் ஆறாது. அவருடைய பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "நான் என் வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார். சரி, பெயர் வேண்டாம்.

அப்பா 1987இல் கனடாவுக்கு வந்தார். அடுத்த ஆண்டு தொடங்கி 19 ஆண்டுகள் டொரொன்டோவில், டொன் ஆறு ஒன்ராறியோ ஏரியில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், துறைமுகப் பகுதியில் இருந்த ஒரு கிடங்கில் வேலை செய்தார். அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் போனவர்களுக்கு நினைவிருக்கும். எண்ணெய்த் தாங்கிகள், உப்புக் குவியல்கள், சீமெந்துக் கோபுரங்கள், கம்பி வேலி. லொறிகளைத் தவிர வேறு எதுவும் அசையாது. அப்பாவின் ஜாக்கெட்டைத் தோய்த்தால் வாளித் தண்ணீர் சாம்பல் நிறமாகும். ஊரிலும் அவருக்குக் கடலோரத்தில்தான் வேலை. காங்கேசன்துறை சீமெந்து ஆலை, 1990இல் போரோடு மூடப்பட்டதே, அதில். இப்போது அவருடைய நினைவில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. சில நாட்களில் அவருடைய பேச்சில், ஊரிலே கீரிமலையில் பஸ் ஏறி, இங்கே கிடங்குப் பக்கத்துச் செரி ஸ்ட்ரீட்டில் இறங்குவார்.

"வேலைக்கு நேரமாகிவிட்டது" என்று அவர் எழும்பும் ஒவ்வொரு காலையிலும் நான் ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். "அந்த இடம் இப்போது இல்லை அப்பா. இடித்துப் பார்க் கட்டிவிட்டார்கள்." உண்மையைச் சொல்வதுதான் சரி என்று நினைத்தேன். ஒவ்வொரு முறையும் அவருடைய முகம், யாரோ செத்த சேதியை முதல்முறை கேட்பதுபோல மாறும். அடுத்த நாளும் அதையே சொல்வேன்.

செவ்வாய்க்கிழமை அப்பா வழி தவறவில்லை. இதைப் பிறகுதான் யோசித்தேன். பஸ் மாறி, 19 ஆண்டுகள் போன அதே இடத்துக்கு அவர் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறார். இடம்தான் அங்கே இருக்கவில்லை. செரி ஸ்ட்ரீட்டையே சற்று மேற்கே தள்ளிப் போட்டிருக்கிறார்கள், புதுப் பாலங்கள் வந்திருக்கின்றன. கிடங்கு நின்ற பக்கத்தில் ஒரு ஆறு ஓடுகிறது. ஆள் பிடித்து வெட்டிய ஆறு என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.

இரண்டு நாளாக நித்திரை வரவில்லை. அந்த இடத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். நான் இந்த நகரத்தில் வளர்ந்தவள், எனக்கே இதில் பாதி தெரியாது. அங்கே முன்பு அஷ்பிரிட்ஜஸ் பே என்ற சதுப்பு நிலம் இருந்தது. வட அமெரிக்கப் பேரேரிகளின் கரையிலிருந்த மிகப் பெரிய சதுப்பு நிலங்களில் ஒன்று. 1912இல் போட்ட திட்டத்தின்படி அதை மண்ணும் குப்பையும் போட்டு நிரப்பித் தொழிற்சாலைகளுக்குக் கொடுத்தார்கள். டொன் ஆறு ஏரிக்கு வரும் இடத்தில் செங்கோணமாகத் திரும்பி, கீற்றிங் கால்வாய் என்ற கொங்கிறீற் வாய்க்காலுக்குள் போக வேண்டியிருந்தது. ஆறு அப்படித் திரும்புமா? மழை பெருத்தால் வெள்ளம் சுற்றியுள்ள தெருக்களுக்குள் ஏறும் ஆபத்து எப்போதும் இருந்தது. 1989இல் டொன் ஆற்றைத் திரும்பக் கொண்டுவரக் குடிமக்கள் சேர்ந்த ஒரு குழு அமைந்தது. 1991இல் அறிக்கை எழுதினார்கள். அப்போது அந்த ஆற்றைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான் அதிகமாக இருந்திருப்பார்கள். அப்பா அந்த வருடங்களில் அதே கரையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். 2007இல் வடிவமைப்புப் போட்டி வைத்து ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 2017இல் வேலை தொடங்கியது. மத்திய, மாகாண, நகர அரசுகள் மூன்றும் சேர்ந்து 125 கோடி டொலர் ஒதுக்கின. பத்து லட்சம் கன மீட்டருக்கும் மேல் மண் தோண்டினார்கள். அடியில் கிடக்கும் பழைய எண்ணெயும் நஞ்சும் மேலே வராதபடி மணல், களிமண் விரிப்பு, கரி என்று அடுக்கடுக்காகப் போட்டு, அதன்மேல் ஆற்றைப் படுக்கவிட்டார்கள். 2025 ஜூலையில் பூங்காவைத் திறந்தார்கள். பீடாசிகே என்று பெயர். இந்த நாட்டின் முதற்குடிகளில் ஒருவரான அனிஷினாபே மக்களின் மொழியில், நம்மை நோக்கி வரும் வெயில் என்று பொருள்.

இவ்வளவையும் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்த இடம் பழையபடி கம்பி வேலியும் லொறியுமாக இருந்திருந்தால் அப்பா அங்கே போய் நின்றிருப்பார். அவரைப் பார்க்க ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள். அப்போதைய கால்வாய்க் கரை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. பூங்கா ஆனபடியால் அங்கே ஒரு பெண் முழங்காலில் நின்று களை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஐம்பது வயதிருக்கும். அங்கே செடிகளைப் பராமரிக்கும் வேலை. அப்பா அவரிடம் போய், "என்ட கார்ட் எங்கே அடிக்கிறது?" என்று கேட்டிருக்கிறார், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். நேரம் பதியும் கார்ட். அந்தப் பெண் என்ன சொல்லியிருக்கலாம்? இங்கே அப்படி ஒன்றும் இல்லை ஐயா என்று சொல்லியிருக்கலாம், நான் தினமும் சொன்னதுபோல. அவர் அப்பாவை மேலும் கீழும் பார்த்திருக்கிறார். ஜாக்கெட் இல்லை, காலில் வீட்டுச் செருப்பு. "இன்றைக்கு கார்ட் அடிக்கத் தேவையில்லை, நீங்கள் என்னோடு ஷிப்ட்" என்றிருக்கிறார்.

அவ்வளவுதான். அந்த ஒரு வசனம்தான் அப்பாவை அங்கே இருத்தியது.

தன் மேற்பார்வையாளருக்குச் சொல்லி, அவர் போலீசுக்குச் சொல்லி, போலீஸ் எங்களுடைய முறைப்பாட்டோடு சேர்த்துப் பார்த்து எங்களுக்குத் தொலைபேசி எடுக்கும்வரை இரண்டு மணிநேரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அவ்வளவு நேரமும் அவர் தன் மேல்சட்டையை அப்பாவுக்குப் போட்டுவிட்டு, வேலைக்கான கையுறைகளையும் மாட்டிவிட்டு, தான் வெறுங்கையோடு களை பிடுங்கியிருக்கிறார். அந்தக் குளிரில். தன் போத்தலில் இருந்த தேத்தண்ணியை மூடியில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். அப்பா இரண்டு முறை எழும்பிப் போகப் பார்த்திருக்கிறார். இரண்டு முறையும் "பிரேக்குக்கு இன்னும் நேரமிருக்கிறது" என்று சொல்லி இருத்தியிருக்கிறார்.

நானும் என் கணவரும் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது கண்ட காட்சியை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆற்றங்கரையில், மண் அரித்துப் போகாமல் தேங்காய்த் தும்பில் செய்த பாய்களை விரித்து, அதற்குள்ளால் செடிகள் முளைக்க விட்டிருக்கிறார்கள். நம்முடைய தும்பு, ஏரிக் கரையில்! அந்தப் பெண்ணின் தள்ளுவண்டியில் மிச்சப் பாய்த் துண்டு ஒன்று கிடந்திருக்கிறது. அப்பா அதிலிருந்து தும்பை உருவி எடுத்து, கையுறைகளைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துத் திரித்துக்கொண்டிருந்தார். புரி புரியாக, இறுக்கமாக, கிட்டத்தட்ட ஒரு முழம் கயிறு. அப்பம்மா வாசலில் இருந்து கயிறு திரித்ததாக அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்பா திரித்து நான் பார்த்ததே இல்லை. அவருடைய விரல்கள் சட்டைப் பொத்தானைப் பூட்டத் தடுமாறி ஆறு மாதமாகிறது. கயிற்றில் தடுமாறவில்லை. அந்தப் பெண் பக்கத்தில் குந்தியிருந்து ஒரு புரியைத் தானும் திரித்துப் பார்த்து, அது பிரிந்து போக, அப்பா அவருடைய கையைப் பிடித்துச் சரி செய்துகொண்டிருந்தார். முன்னரே திரித்த ஒரு துண்டு, சாய்ந்து நின்ற சிறு மரக்கன்றுக்கு ஊன்றிய தடியில் கட்டப்பட்டிருந்தது.

என்னைக் கண்டதும் அப்பா, "பிள்ளை, கொஞ்சம் பொறு, இது முடியட்டும்" என்றார். நான் அழுதேன். அந்தப் பெண் எழும்பி என்னைக் கட்டிக்கொண்டார். அவருடைய கைகள் ஐஸ் போல இருந்தன.

முடியும்வரை பொறுத்தோம். அப்போதுதான் அந்தப் பெண் எங்களுக்கு ஒன்று சொன்னார். ஆற்றைத் தோண்டும்போது, 2021இல், திறந்து கிடந்த மண்ணில் யாரும் நடாத செடிகள் முளைத்திருப்பதை வேலையாட்கள் கண்டார்களாம். சதுப்பு நிலத்தை மூடியபோது அடியில் அகப்பட்ட சம்பு, கோரை போன்றவற்றின் விதைகள். நூறு ஆண்டுக்கு மேல் இருட்டில் கிடந்தவை, தண்ணீரும் வெளிச்சமும் பட்டதும் முளைத்துவிட்டன. அவற்றை மண்ணோடு எடுத்துப் பாதுகாத்து ஆராய்ந்தார்களாம். என் கணவர் அதை அப்பாவுக்குத் தமிழில் சொன்னார். அப்பா தலையை நிமிர்த்தாமல், "ஓம், முளைக்கும்" என்றார்.

மற்ற எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன், குறை நினைக்காதீர்கள். அப்பாவின் முகத்தை நினைவில் வைத்து எந்தத் தரிப்பில் இறங்கினார் என்று சொன்ன பஸ் சாரதித் தம்பி, ஸ்காபரோவில் கடை கடையாகப் படம் ஒட்டிய பிள்ளைகள், கோயிலில் விளக்கேற்றியவர்கள், சோறும் கறியும் சமைத்துக் கொண்டுவந்து பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்த மாடிவீட்டு அக்கா, பொறுமையாகப் பேசிய போலீஸ் அதிகாரிகள் இருவர், அப்பாவோடு முன்பு வேலை செய்தவர்களில் இன்னும் தொடர்பில் இருக்கும் இரண்டு மாமாமார், முன்பின் தெரியாமலே எனக்குக் குரல் செய்தி அனுப்பி ஆறுதல் சொன்னவர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவேன். இப்போது முடியவில்லை.

இன்னும் ஒரு கூட்டத்துக்கும் நன்றி சொல்ல வேண்டும். அவர்கள் என்னை அறியமாட்டார்கள். 1989இல் அந்தச் செத்த ஆற்றுக்காகக் கூட்டம் போட்டவர்கள், மண்ணைச் சுத்தம் செய்தவர்கள், 5,000 மரங்களையும் 20 லட்சத்துக்கும் மேலான சிறு செடிகளையும் நட்டவர்கள். வீடுகள் கட்டி விற்றால் எவ்வளவு பணம் வரும் என்று கணக்குப் பார்க்கக்கூடிய நிலத்தில் இவ்வளவு பெரிய பகுதியைத் தண்ணீருக்கும் செடிக்கும் சனத்துக்கும் விட்டிருக்கிறார்கள். வரிப்பணம் வீண் என்று நானே ஒரு காலத்தில் சாப்பாட்டு மேசையில் சொல்லியிருக்கிறேன். இனிச் சொல்லமாட்டேன்.

இன்னொன்றையும் இனிச் சொல்லமாட்டேன். "அந்த இடம் இப்போது இல்லை அப்பா" என்பதை. நேற்றுக் காலை அவர் வழக்கம்போல எழும்பி, வேலைக்கு நேரமாகிவிட்டது என்றார். நான் வாயைத் திறந்தேன், பிறகு மூடிக்கொண்டேன். "இன்றைக்கு லீவு அப்பா. சனிக்கிழமை ஷிப்ட்" என்றேன். "ஆரோட?" என்றார். "கயிறு திரிக்கப் பழகினாவே, அவவோட" என்றேன். தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார்.

கயிறு திரிக்கப் பழகிய அக்கா, இதை என் மகள் உங்களுக்கு ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டுவாள். உங்களுடைய மேல்சட்டையை அன்றைக்கே தந்துவிட்டோம். கையுறைகளை மறந்துபோனோம். அப்பா அவற்றை மாட்டிக்கொண்டே காரில் ஏறிவிட்டார். வீட்டுக்கு வந்தபிறகும் கழற்ற விடவில்லை, நித்திரையானபிறகுதான் எடுத்தேன். தோய்த்து ஹீட்டருக்குப் பக்கத்தில் காயப் போட்டிருக்கிறேன். வலது கைப் பெருவிரலில் தையல் விட்டிருந்தது, தைத்துவிட்டேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கொண்டுவருகிறோம். அப்பாவும் வருவார். தும்பு கொஞ்சம் எடுத்து வையுங்கள்.