ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. நீ அப்பச்சி என்று கூப்பிட்ட உன் அப்பாவின் பெயர் ஊரில் நிற்கும்படி ஏதாவது செய்ய வேண்டும், ஊர் எல்லையில் ஒரு அலங்கார வளைவு கட்டலாமா, இல்லை கல்யாண மண்டபமா என்று கேட்டிருக்கிறாய். இதே கேள்வியோடு இன்னும் சிலரும் என்னிடம் வந்திருக்கிறார்கள். அதனால் உன் பெயரை விட்டுவிட்டு இந்தப் பதிலை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள மாட்டாய்.

வளைவு வேண்டாம். சாலையை அகலப்படுத்த ஆள் வந்தால் முதலில் போவது அதுதான். மண்டபமும் வேண்டாம். நம்ம பக்கத்தில் மண்டபத்துக்குப் பஞ்சமில்லை. அதோடு வாடகை வரும் கட்டடத்தைத் தர்மக் கணக்கில் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அது வியாபாரம். நல்ல வியாபாரமாகக்கூட இருக்கலாம், ஆனால் அதற்கு அப்பச்சி பெயர் எதற்கு?

நீ வியாபாரி. அதனால் உனக்கு ஒரு வியாபாரியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அழகப்பச் செட்டியார் கதை தெரியாதா என்பாய். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்திருப்பாய், 'வள்ளல்' என்ற சொல் பத்து முறை வந்திருக்கும். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, அவர் பணத்தை எங்கே போட்டார், எப்படிப் போட்டார் என்று கடைக்காரனின் கண்ணோடு பார். எனக்கு அதில்தான் சுவாரசியம்.

அவர் 1909 ஏப்ரல் 6 அன்று கோட்டையூரில் பிறந்தார். நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பணம் பர்மாவிலும் மலாயாவிலும் சிலோனிலும் வட்டிக்கடைகளில் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. உன் ஐயாவின் ஐயா காலத்துப் பர்மா கதைகளைக் கேட்டிருப்பாய். 1930இல் நெல் விலை விழுந்ததும் கடன் வாங்கிய விவசாயிகளால் கட்ட முடியவில்லை. அடமான நிலமெல்லாம் செட்டியார்கள் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 விழுக்காடு நிலம் அவர்களிடம் இருந்தது. 1938க்குள் அது 25 விழுக்காட்டை எட்டிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் பெரிய சொத்து. உண்மையில் அது மாட்டிக்கொண்ட முதல், விற்கவும் முடியாது, வட்டியும் வராது. 1942இல் ஜப்பான் படை வந்தது. மலை தாண்டி நடந்தே ஊர் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். 1948க்குப் பிறகு பர்மா அரசு நிலத்தையும் எடுத்துக்கொண்டது. தேக்குத் தூண் நிற்கிற வீடுகள் மட்டும் நமக்கு மிஞ்சின, அவற்றிலும் பாதி பூட்டிக் கிடக்கின்றன.

இந்தச் சரிவு கண்ணெதிரே நடக்கும்போது அழகப்பர் வேறு பக்கம் திரும்பினார். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ., லண்டனில் சட்டம், அங்கேயே விமானம் ஓட்டப் பயிற்சி. திரும்பி வந்து வட்டிக்கடையில் உட்காரவில்லை. கொச்சி சமஸ்தானத்தில் நூற்பாலை வைத்தார். திருச்சூர்ப் பக்கம் அந்த ஆலை இருக்கும் இடத்தை இன்றும் அளகப்பநகர் என்கிறார்கள். ஈயச் சுரங்கம், மலாயாவில் ரப்பர், இன்சூரன்ஸ், பங்குச் சந்தை, ஜூபிடர் ஏர்வேஸ் என்று ஒரு விமான கம்பெனி கூட. எல்லாமே ஓடவில்லை, ஓடாததைப் பிடித்துத் தொங்கவும் இல்லை.

1947இல் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா. பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் பேசும்போது, வசதி படைத்தவர்கள் ஊர்ப்புறங்களில் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று கேட்டார். அழகப்பர் அங்கேயே ஒரு லட்சம் ரூபாய் தருவதாகச் சொல்லிவிட்டார். இதைத்தான் எல்லாரும் மேடையில் சொல்வார்கள், கைதட்டலும் வாங்குவார்கள். எனக்கு அடுத்து நடந்ததுதான் முக்கியம். 1947 ஆகஸ்ட் 11இல் காரைக்குடி காந்தி மாளிகையில் கல்லூரி தொடங்கிவிட்டது. சுதந்திரத்துக்கு நான்கு நாள் முன்பு! கட்டடம் கட்டி முடிக்கட்டும், கல்வெட்டு வரட்டும், அமைச்சர் தேதி கிடைக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. இருக்கிற இடத்தில் வகுப்பு ஆரம்பித்தது, கட்டடம் பிறகு வந்தது. நம் ஆட்கள் இதைத் தலைகீழாகச் செய்வதைப் பார்த்திருக்கிறாய். கட்டடம் முதலில் வரும், உள்ளே என்ன நடக்கும் என்பது கடைசியில் வரும், சில சமயம் வரவே வராது.

அப்போது காரைக்குடி எப்படிப்பட்ட இடம் என்பதையும் யோசித்துப் பார். ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு வறண்ட ஊர். ஆறு கிடையாது, தொழிற்சாலை கிடையாது. அவருக்குச் சென்னையிலும் செய்யத் தெரியும், செய்தும் இருக்கிறார். 1944இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 5 லட்சம் ரூபாய் கொடுத்து வந்ததுதான் கிண்டியில் இருக்கிற ஏ.சி. டெக், அதாவது அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி. ஆனால் அதற்கப்புறம் பணம் ஊரைப் பார்க்கத் திரும்பியது. கலைக்கல்லூரிக்குப் பின்னால் ஆசிரியர் பயிற்சி, பொறியியல், பாலிடெக்னிக், உடற்கல்வி என்று வரிசையாக வந்தன. சிறு பிள்ளைகளுக்கான பள்ளியும் உண்டு. எல்லாம் அந்தப் பத்து ஆண்டுக்குள்.

அந்தக் காலத்திலேயே ஊரைவிட்டு வெளியில் போய்ப் பெரிதாகச் செய்தவர்களும் உண்டு. கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் வைத்தார். அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நீ ஊருக்கு என்று கேட்டதால் அழகப்பரைச் சொல்கிறேன்.

இப்போது சிக்ரிக்கு வருகிறேன். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் என்று பலகையில் இருக்கும், நமக்கு அது சிக்ரிதான். சுதந்திரம் வந்ததும் நாடு முழுக்க ஆய்வகங்கள் அமைக்க மத்திய அரசு இடம் தேடியது. பெரிய நகரங்கள் எல்லாம் போட்டியில் இருக்கும் காலம். அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து அதைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தார். 1948 ஜூலை 25இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கல் அன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். பேட்டரி, முலாம் பூசுதல், துருப்பிடித்தல் இவைதான் அங்கே வேலை. உப்புக் காற்றில் இரும்பு எப்படி அரிக்கிறது என்று பார்ப்பதற்கு ராமேசுவரம் பக்கம் மண்டபம் என்ற கடலோர ஊரில் ஒரு கிளை வைத்திருக்கிறார்கள். இரும்புக் கடை வைத்திருக்கிற உனக்கு அந்த வேலையின் மதிப்பை நான் விளக்க வேண்டியதில்லை.

கவனித்தாயா? அவர் கொடுத்ததிலேயே பெரியது அது. அதன் பெயர்ப் பலகையில் அவர் பெயர் இல்லை.

வேறு இடங்களில் அவர் பெயர் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. பெயரே வேண்டாம் என்று ஒதுங்கிய துறவி இல்லை அவர், அப்படி யாரும் படம் காட்ட வேண்டாம். ஆனால் பெயர் வராத இடத்திலும் அதே அளவு, அதைவிடக் கூடுதலாகவே கொடுத்திருக்கிறார். அரசு கையில் கொடுத்துவிட்டால் நம் பிடி போய்விடும் என்று பயப்படவில்லை. பிடி போனதால்தான் அந்த ஆய்வகம் எந்தக் குடும்பத்தின் ஏற்ற இறக்கத்தோடும் சேர்ந்து ஆடாமல் நிற்கிறது என்பது என் கட்சி. கலைக்கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் பின்னால் அரசுக் கல்லூரிகள் ஆயின. 1985இல் அவர் பெயரிலேயே பல்கலைக்கழகம் வந்தது. அவர் 1957 ஏப்ரல் 5இல் போய்விட்டார், 48 வயது நிறைய ஒரு நாள் இருந்தது. மிஞ்சியது முழுக்கத் தன் குடும்பம்தான் பார்க்க வேண்டும் என்று அவர் கட்டி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது.

குடும்பம் என்றதும் நினைவு வருகிறது. உன் கடிதத்தின் கடைசிப் பத்தியில், ஆத்தா கோயில் திருப்பணிக்குக் கொடுக்கச் சொல்கிறார்கள், வீட்டில் பிள்ளைகள் படிப்புக்கு ஒதுக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். அதைக் கடைசியில் எழுதியிருக்கக் கூடாது, முதலில் எழுதியிருக்க வேண்டும். அழகப்பர் தான் குடியிருந்த வீட்டையே பெண்கள் கல்விக்குக் கொடுத்தார். கேட்க நெஞ்சு நிறைகிறது, சரி. நீ அதைச் செய்யாதே. எல்லாருக்கும் அந்தத் தெம்பு இருக்காது. ஒருவர் செய்த தியாகத்தை வீட்டில் உள்ள மற்றவர்கள் மேல் தானாக ஏற்றிவைக்கவும் கூடாது. அவர் மகள் உமையாள் அப்பா விட்ட கல்வி வேலையைத் தொடர்ந்து செய்தார் என்றால், அது அந்த வீட்டில் எல்லாரும் கலந்து வளர்ந்த விஷயம் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் வழக்கத்திலேயே இதற்கு நல்ல முறை இருக்கிறதே. மகனுக்குக் கல்யாணமானதும் வேறு வைத்துவிடுவீர்கள். ஒரே வீடு, தனித்தனி அடுப்பு, தனிக் கணக்கு. கோயில் கணக்கில் ஒரு புள்ளி, அதாவது ஒரு குடும்பம் கூடும், வரியும் அந்தப் புள்ளிக்கு வரும். யாருடைய பணம் எது என்பதில் குழப்பமே வராது. வெளியாளான எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் ஆச்சரியம்தான். அதேபோல முதலில் பிள்ளைகள் படிப்புக்கு எடுத்து வை. ஆத்தா சொல்வதைக் கோயிலுக்குக் கொடு, அதில் பேரம் பேசாதே. மீதியில் ஊருக்கு எவ்வளவு என்று தனியாக ஒரு கணக்கைத் திற. அந்த மீதி சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

சின்னது என்றதும், அதே கோட்டையூர்க்காரர் ரோஜா முத்தையா. பெரிய முதலாளி இல்லை, பெயர்ப் பலகை எழுதும் கடை வைத்திருந்தவர். பழைய புத்தகம், பத்திரிகை, கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று கிடைத்ததையெல்லாம் வாங்கி வீட்டில் அடுக்கினார். பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள்வதே ஒரு வேலையாக இருந்திருக்கும். அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, 1994இல் சென்னையில் நூலகம் ஆனது. தமிழில் ஆராய்ச்சி செய்கிற யாரும் அந்த வாசலை மிதிக்காமல் போவதில்லை. அந்தப் புத்தகங்கள் கோட்டையூரிலேயே இருந்திருக்கலாமே என்று எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு, அது வேறு கதை.

சரி, என் யோசனைக்கு வருகிறேன். நம்ம ஊர் ஊரணி.

சிரிக்காதே. ஆறில்லாத சீமையில் உங்கள் முன்னோர் ஊருக்கு ஊர் ஊரணி வெட்டினார்கள், படித்துறை கட்டினார்கள். நம்ம ஊரணியில் படித்துறை நன்றாகத்தான் இருக்கிறது. தண்ணீர்தான் வருவதில்லை. மழை பெய்யாததால் இல்லை, வரத்துக்கால் அடைபட்டதால். ஓரிடத்தில் வீட்டுக் கழிவு கலக்கிறது, ஓரிடத்தில் மண் மேடாகிவிட்டது, ஓரிடத்தில் யாரோ சுவர் எழுப்பிவிட்டார்கள். இதைச் சரிசெய்ய ஆகும் செலவு நீ வளைவுக்குச் சொன்னதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனால் அது ஒரு முறை செலவு. அதற்கப்புறம் வருடா வருடம் புரட்டாசியில் வாய்க்கால் தூர் எடுக்க வேண்டும், குப்பை கொட்டாமல் பார்க்க ஓர் ஆள் வேண்டும், அவருக்கு மாதச் சம்பளம் வேண்டும். எல்லாரும் கைவிடுவது இந்த இடத்தில்தான். தூர் வாரும் நாளில் போட்டோ எடுக்க வருவார்கள், மூன்றாவது வருடம் எவரும் இருக்க மாட்டார்கள்.

காசியில் நகரத்தார் சத்திரத்திலிருந்து விசுவநாதருக்குத் தினமும் பூசைப் பொருள் எடுத்துப் போகிறார்களே, 'சம்போ' என்று சொல்லிக்கொண்டே. இருநூறு ஆண்டுகளாக நடக்கிறது. பெரிய கொடை ஒன்றை ஒரு நாளில் கொடுத்ததால் அது நடக்கவில்லை, நாளைக்கும் நடக்கும்படி முதலை வைத்து, ஆளையும் வைத்ததால் நடக்கிறது. உன் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை வாய்க்காலுக்குச் செலவழி. மீதியை வங்கியில் போட்டு, வட்டியில் சம்பளம் கொடு. பெயர் வைக்க ஆசையென்றால் படித்துறையில் சின்னக் கல் ஒன்று போட்டுக்கொள், நான் தடுக்கவில்லை.

சுவர் எழுப்பியவரோடு சண்டைக்குப் போகாதே. அதை ஊர்க்கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம், அவரும் உன் அப்பச்சியோடு படித்தவர்தான். ஊராட்சியின் அனுமதி எழுத்தில் வேண்டும், அளவெடுக்க ஒரு சர்வேயரும் வேண்டும். இரண்டையும் நான் விசாரித்து வைக்கிறேன்.

ஆடி முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுப் போ. வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேலை முடிய வேண்டுமென்றால் அதற்கு மேல் தள்ள முடியாது. வரும்போது உன் மனைவியையும் கூட்டி வா. நீ கடையை விட்டு நகர மாட்டாய், அந்தக் கணக்கை வருடா வருடம் பார்க்கப்போவது அவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அன்புடன்,
உன் அப்பச்சியின் நண்பன்