அணை நிறையத் தண்ணீர், குழாயில் காற்று: மோர்தானா பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர் மாவட்டம் குடியாத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மோர்தானா அணைப் பகுதிக்குப் பொறுப்பான அதிகாரிகள் அனைவருக்கும் வணக்கம்.

யார் பெயரைப் போட்டு எழுதுவது என்று தெரியாததால் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன். அணை ஒருவர் பொறுப்பு, அணைக்குப் போகிற காட்டு ரோடு இன்னொருவர் பொறுப்பு, வழியில் இருக்கும் கழிப்பறை வேறு யாருடைய கணக்கிலோ இருக்கிறது. விசாரித்தால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுகிறார். இந்த மடல் முதலில் யார் மேஜைக்கு வருகிறதோ அவர் அதை அடுத்த மேஜைக்குத் தள்ளிவிடாமல் முழுசாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். அணைக்கு வரும் பெண்களுக்கு ஒரு கழிப்பறை வேண்டும். பூட்டாத கழிப்பறை, தண்ணீர் வருகிற கழிப்பறை.

காணும் பொங்கலன்று அங்கே எவ்வளவு கூட்டம் சேரும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வேலூர் எல்லா ஊரிலிருந்தும் ஆட்டோவிலும் டாட்டா ஏஸிலும் ஜனம் வரும். சித்தூர், பலமநேர் பக்கத்துச் சொந்தபந்தங்களும் வருவார்கள். அணை நம் மாநிலத்தில் இருக்கிறது, நிரப்புகிற கௌண்டன்யா ஆறு ஆந்திரக் காட்டிலிருந்து இறங்கி வருகிறது. ஜனமும் அதே மாதிரிதான். காலையில் தெலுங்கில் சண்டை போட்டுவிட்டு சாயங்காலம் தமிழில் சமாதானம் ஆகிற குடும்பங்கள் எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு உண்டு. எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. என் மகளைப் பலமநேரில் கொடுத்திருக்கிறேன்.

கல்யாணத்துக்கப்புறம் சம்பந்தி வீட்டார் எங்கள் வீட்டில் கொண்டாடிய முதல் பொங்கல் இது. சைனகுண்டா செக்போஸ்ட் தாண்டி வரும்போதே சம்பந்தியம்மா போன் போட்டு, "வதினா, இந்த தடவ டேம் காட்டணும், கோடி போவுதாமே" என்றார். வதினா என்றால் தெலுங்கில் அண்ணி; கோடி போவது என்றால் அணை நிரம்பி வழிவது. எனக்கும் பெருமைதான். எங்கள் ஊரான குடியாத்தத்தில் லுங்கி நெய்கிறார்கள், தீப்பெட்டி செய்கிறார்கள், காமராஜர் முதலமைச்சரான பிறகு 1954 இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தது எங்கள் தொகுதியில்தான். இதையெல்லாம் வாயால் சொல்லலாம். விருந்தாளியைக் கூட்டிப்போய்க் கண்ணால் காட்டுவதற்கு என்று இருப்பது மோர்தானா. பதினொன்றரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் முட்டி நின்று, கலங்கலில் வெள்ளையாக வழிந்து இறங்குவதைப் பார்த்தால் யாருக்கும் பேச்சு வராது. சுற்றிலும் மலை, அந்தப் பக்கத்துக் காடு ஆந்திரா. சம்பந்தியம்மாவும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

அவருக்குச் சக்கரை இருக்கிறது. அடக்க முடியாது, அடக்கவும் கூடாது. என் காதோடு வந்து கேட்டார். கழிப்பறை இருக்கிறது என்று எனக்குத் தெரியும், சந்தோஷமாகவே கூட்டிப்போனேன்.

கட்டடம் இருந்தது. சுவரில் சேலை கட்டிய பெண் படம் சிரித்துக்கொண்டிருந்தது. கதவில் பளபளவென்று புதுப் பூட்டு. பக்கத்தில் மீன் வறுத்துக்கொண்டிருந்த அம்மாவைக் கேட்டேன். "சாவி வச்சிருக்கறவரு பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டாரும்மா" என்றார். வருஷத்திலேயே அதிகம் பேர் வருகிற நாளில் சாவிக்குப் பண்டிகை லீவு விட்ட நிர்வாகத் திறமையை நான் பாராட்டாமல் இருக்க முடியாது.

சரி, மறைவாக எங்காவது போகலாம் என்றால் அங்கேதான் உங்கள் அறிவிப்புப் பலகை நிற்கிறது: யானைகள் நடமாடும் பகுதி, காட்டுக்குள் செல்லக் கூடாது. அந்தப் பலகையைக் குறை சொல்ல மாட்டேன், அது நியாயம்தான். மலைக்கு அந்தப் பக்கம் 1990இல் அறிவித்த கௌண்டன்யா சரணாலயம். அங்கிருந்து இறங்கும் யானைக்கு எது ஆந்திரா எது தமிழ்நாடு என்று தெரியாது, எங்கள் பக்கத்து மாந்தோப்புக்கும் வாழைத் தோட்டத்துக்கும் வந்துவிட்டுத்தான் போகிறது. ஆனால் ஐயா, கழிப்பறையைப் பூட்டி வைப்பீர்கள், புதருக்குப் போனால் யானை மிதிக்கும் என்றும் சொல்வீர்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு சக்கரை நோயாளி அம்மா எங்கேதான் போவார்?

மீன் கடை அம்மா யாருக்கோ போன் போட்டார். அவர் இன்னொருவருக்குப் போட்டார். கடைசியில் ஒரு பையன் பைக்கில் சாவியோடு வந்தான். அதுவரைக்கும் சம்பந்தியம்மா சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, இன்னொரு கையால் முந்தானையை இறுக்கிப் பிடித்தபடி தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். எதிரே நாலைந்து பையன்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

திறந்தான். குழாயைத் திருகினேன். உஸ்ஸென்று காற்று வந்தது. கீழே காய்ந்த பெயிண்ட் ஒட்டிய ஒரு வாளி, மக் கிடையாது. வாளியின் அடியில் பல்லி செத்துக் கிடந்தது. மோர்தானா அணையின் கொள்ளளவு 261 மில்லியன் கன அடி என்று மழைக்காலத்தில் தினமும் பேப்பரில் படிக்கிறோம். அத்தனை தண்ணீரும் கூப்பிடு தூரத்தில் கரை தட்டி வழிந்துகொண்டிருக்க, என் மகள் காலி கூல்ட்ரிங்க்ஸ் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கால்வாய்க்கு ஓடினாள், மாமியாருக்குத் தண்ணீர் எடுக்க.

அதற்குப் பிறகு சம்பந்தியம்மா டீ குடிக்கவில்லை. மோர் கொடுத்தேன், வேண்டாம் என்றார். வறுத்த மீனைக்கூடத் தொடவில்லை, சாப்பிட்டால் தண்ணீர் தாகம் எடுக்குமே என்று. "பரவாலேது வதினா, எங்க ஊர்லயும் இப்டிதான்" என்று எனக்காகச் சொன்னார். திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

பெண்கள் வெளியூர் கிளம்பும்போது என்ன செய்வார்கள் என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். காலைக் காபியைப் பாதியோடு வைத்துவிடுவோம். பஸ்ஸில் தண்ணீர் பாட்டிலைப் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுப்போம். திரும்பி வந்து இரண்டு நாள் நீர்க்கடுப்போடு கிடப்போம். ஆண்கள் பாடு சுலபம், அவர்களுக்குப் பார்க்கிற மதில் எல்லாம் கழிப்பறை. குளிக்கிற இடத்தில் பாட்டிலை உடைத்துப் போடுகிறவர்களும் அவர்கள்தான். அதற்கு ஒரு மடல் தனியாக எழுத வேண்டும்.

சுற்றுலாக் கையேடுகளில் நம் ஊரைப் பற்றி எழுதுவதைப் படித்தால் எனக்கே குடியாத்தத்துக்குக் குடிவர ஆசையாக இருக்கிறது. இயற்கை எழில் கொஞ்சுகிறதாம். கொஞ்சட்டும். வேலூருக்கு வருகிறவர்கள் கோட்டையைப் பார்க்கிறார்கள், ஜலகண்டேஸ்வரரைக் கும்பிடுகிறார்கள், ஸ்ரீபுரம் தங்கக் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே திருப்பதிக்கு வண்டி ஏறுகிறார்கள். மேற்கே இப்படி ஒரு நீர்ப்பரப்பு இருப்பது பாதிப் பேருக்குத் தெரியாது. 2019இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது ஏலகிரி திருப்பத்தூருக்குப் போய்விட்டது. மிச்சம் இருப்பதையாவது ஒழுங்காக வைத்துக்கொள்வார்கள் என்று நினைத்தோம். படகு விடப் போகிறோம், பூங்கா போடப் போகிறோம் என்று பேச்சு மட்டும் அடிக்கடி காதில் விழுகிறது. படகெல்லாம் பிறகு பார்க்கலாம் ஐயா. படகில் ஏறுகிறவளுக்கும் முதலில் கழிப்பறை வேண்டும்.

வேறெங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். உங்களுக்கு வேலை செய்யத் தெரியாது என்று நான் சொல்லவே மாட்டேன். 2021 நவம்பரில் அணை நிரம்பி, கௌண்டன்யா ஆறு எங்கள் ஊருக்குள் பாய்ந்தபோது ராத்திரி பகல் பார்க்காமல் மழையில் நின்று வேலை செய்தவர்களை நாங்கள் நேரில் பார்த்தோம். வெள்ளம் வந்தால் எல்லாத் துறையும் ஒரே வண்டியில் வருகிறது. வெள்ளம் இல்லாத நாளில்தான் அணையும் ரோடும் கழிப்பறையும் ஆளுக்கொருவருடையதாகி விடுகின்றன.

புதுக் கட்டடம், டெண்டர், அடிக்கல், கல்வெட்டு எதுவும் நான் கேட்கவில்லை. இருப்பதைத் திறந்து வைத்தால் போதும். ஒரு சின்ன மோட்டாரும் மேலே ஒரு சிண்டெக்ஸ் டேங்க்கும் வைத்தால் குழாயில் தண்ணீர் வந்துவிடும். சாவியை லீவில் போகிறவரிடம் கொடுக்காமல், தினமும் அங்கேயே கடை போட்டிருக்கும் பெண்களில் ஒருவரிடம் கொடுங்கள். எங்கள் ஊர் மகளிர் குழுவில் கேட்டாலும் ஆள் கிடைப்பார்கள். சும்மா செய்யச் சொல்லாதீர்கள், மாதச் சம்பளம் போட்டுக் கொடுங்கள். உள்ளே போகிறவர்களிடம் ஐந்து ரூபாய் வாங்கிக்கொள்ளட்டும், சந்தோஷமாகக் கொடுப்போம். கதவுக்கு உள்தாழ்ப்பாள், ஒரு மக், ஒரு லைட், துணி மாட்ட ஆணி, குளித்துவிட்டு வருகிற பெண்கள் ஈரம் மாற்றிக்கொள்ள ஒரு தடுப்பு. அறிவிப்புப் பலகையில் யானைக்குக் கீழே இடம் இருக்கிறது, கழிப்பறை எந்தப் பக்கம் என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதிவிடுங்கள்.

வைகாசி முதல் தேதி எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. எல்லை தாண்டி எவ்வளவு ஜனம் வரும் என்று உங்களுக்கே தெரியும், பந்தோபஸ்து போடுகிறவர்கள் நீங்கள்தான். அம்மனைப் பார்த்த கையோடு அணையையும் பார்க்கப் போகிறவர்கள் நிறையப் பேர். அதற்குள் அந்தக் கழிப்பறையைத் திறந்து, குழாயில் தண்ணீர் வர ஏற்பாடு செய்து தரும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அன்று காலையில் நானே போய்க் குழாயைத் திருகிப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
குடியாத்தத்தில் வாழும் ஒரு சம்பந்தியம்மா